சில்லுவை உண்டாக்கியவர்கள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாக இருக்க வேண்டியதே இல்லை. ஆறு வரி மன்னிப்பாக இருக்க வேண்டியது. கேட்டவள் என் தங்கை. நான் கதை எழுதும் படக்கதை மாத இதழின் கடைசிப் பக்கத்தில், வாசகர் கடிதங்களுக்குக் கீழே, பெட்டி கட்டி ஆறு வரி போடச் சொன்னாள். "உன் சொந்த வார்த்தையில எழுது அண்ணா. கதை கிதைன்னு ஆரம்பிச்சுடாதே" என்றும் சொன்னாள். வியாழக்கிழமை காலை கடைசிப் பக்கம் அச்சுக்குப் போகிறது. இன்று புதன்.

நானும் ஆறு வரிதான் எழுத உட்கார்ந்தேன். மூன்று தடவை உட்கார்ந்தேன்.

முதல் முயற்சி: "அன்பார்ந்த வாசகர்களே, நமது இதழில் வரும் சில்லு என்னும் பாத்திரம் தொடர்பாக எழுந்துள்ள சில" (நாளை தண்ணீர் வராது என்று ஒட்டுகிற அறிவிப்பு மாதிரி இருந்தது. கிழித்தேன்.)

இரண்டாம் முயற்சி: "ஒரு தவறு நடந்துவிட்டது." (ஏதோ தவறு தானாகவே மாடி ஏறி வந்து எங்கள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டது போல. செய்தது யார் என்று சொல்லாமல் என்ன மன்னிப்பு?)

மூன்றாம் முயற்சி: "ஒரு ஊரில் கண்ணாடிக்கடைக்காரர் ஒருவர் இருந்தார். முன்கோபி." (பச்சைப் பொய். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது ஒரே ஒரு தடவை. அதற்கும் காரணம் நான். இரண்டாவது வாக்கியத்திலேயே மனிதரை வில்லனாக்கிவிட்டேன், பார்த்தீர்களா? பழக்கதோஷம்.)

இந்த மூன்றாவதைக் கிழிக்க மனம் வரவில்லை. அதிலிருந்துதான் நீங்கள் படித்துக்கொண்டிருப்பது கிளம்பியது.

ஒரு ஏற்பாடு செய்துகொள்வோம். 'நான்' என்று எழுதினால் எனக்கு நானே பரிந்து பேச ஆரம்பித்துவிடுகிறேன். அதனால் இனிமேல் என்னைக் கதைக்காரன் என்று குறிப்பிடப் போகிறேன். அது நான்தான், சந்தேகமே வேண்டாம். கடைசியில் வெளிப்பட்டுத் திடுக்கிட வைக்கும் திட்டமெல்லாம் இல்லை. அடைப்புக்குறிக்குள் மட்டும் நானாக வந்து போவேன்.

2

கதைக்காரனும் படக்காரரும் பத்து வருடமாக ஒரே அறையில் வேலை செய்கிறார்கள். இரண்டாம் மாடி. கீழே வரிசையாகத் தையல் இயந்திரங்கள் ஓடுவதால் படக்காரரின் மேஜை பகல் முழுக்க லேசாக அதிர்ந்துகொண்டே இருக்கும். நேர்கோடு போட வேண்டுமென்றால் அவர்கள் சாப்பாட்டுக்கு எழுந்து போகும்வரை காத்திருப்பார். மைக்குப்பியும் டீ டம்ளரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். இரண்டு தடவை மாற்றிக் குடித்திருக்கிறார். சுவர் அலமாரியில் முதல் இதழிலிருந்து எல்லாம் அடுக்கி வைத்திருக்கும்.

அவர்கள் உண்டாக்கியது 'காவல் ஐவர்' என்ற சாகசப் படை. ஓங்கி ஒரு குத்து விட்டால் மலையே நகரும் இடிக்கையன், மின்சாரத்தை உடம்பில் வாங்கி வீசுகிற மின்னி, இன்னும் மூன்று பேர். நல்லவர்கள். ஊரைக் காப்பாற்றுவார்கள். காப்பாற்றி முடித்ததும் கைகுலுக்கிக்கொண்டு பறந்துபோவார்கள். கீழே குனிந்து பார்க்க மாட்டார்கள், அதுதான் அவர்களிடம் உள்ள ஒரே குறை.

ரயில் ஆற்றில் விழப்போகிறது என்று இடிக்கையன் அணைச் சுவரில் குத்தினான். ரயில் பிழைத்தது. தண்ணீர் போய் ஒரு தேனீப் பண்ணையை அள்ளிக்கொண்டு போயிற்று. ஒன்பது இதழ் கழித்து அந்தப் பண்ணைக்காரர் 'கொடுக்கு' என்ற பெயரில் வந்து ஐவரையும் கொட்டு கொட்டென்று கொட்டினார். மின்னி ஒரு ராட்சதனை வீழ்த்த ஊர் மின்சாரம் முழுவதையும் ஒரு நிமிடம் இழுத்துக்கொண்டாள். ஆறு வருடமாகக் குளிர்பெட்டியில் எதையோ வளர்த்துக்கொண்டிருந்த ஆராய்ச்சிக்காரி ஒருத்தியின் வேலை அந்த ஒரு நிமிடத்தில் கெட்டுப்போயிற்று. அவள் 'உறைபனி' ஆனாள். வேடிக்கை என்னவென்றால், ஒவ்வொரு தடவையும் ஐவரும் நாற்பதாவது மாடியில் வட்ட மேஜை போட்டு உட்கார்ந்து, "யார் இவள்? நம்மீது இவளுக்கு என்ன பகை? வேற்றுக் கிரகத்தவளோ?" என்று மண்டையை உடைத்துக்கொள்வார்கள். பழைய இதழைப் புரட்டினால் தெரிந்துவிடும். அவர்கள் புரட்ட மாட்டார்கள்.

புரட்டுவது கதைக்காரனும் படக்காரரும்தான். புது வில்லன் தேவைப்படும்போதெல்லாம் படக்காரர் அலமாரியைக் காட்டி, "மூலை பாக்கலாமாய்யா?" என்பார். பழைய இதழ்களில் பெரிய சண்டைப் படங்களின் மூலையில், வாயைப் பிளந்துகொண்டு நிற்கும் ஜனங்களைப் பார்ப்பது என்று அர்த்தம். யாருடைய வண்டியைத் தூக்கி எறிந்தோம், யாருடைய கூரையைப் பெயர்த்தோம் என்று தேடி ஆளைப் பிடிப்பார்கள். பிடித்த முகத்தை ஒரு கோடுகூட மாற்றக் கூடாது என்பது படக்காரரின் விதி. வாசகர்கள் பழைய இதழை எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், பார்த்துவிட்டுப் பூரித்துப்போய்க் கடிதம் எழுதுவார்கள். இப்படிப் பதினேழு வில்லன்கள். பதினேழு பேரையும் நல்லவர்களே உண்டாக்கினார்கள். இது ஆழமான தத்துவம் என்று கதைக்காரன் ஒரு கூட்டத்தில் பேசிக் கைதட்டல்கூட வாங்கியிருக்கிறான்.

(கைதட்டல் சமாச்சாரத்தை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும். என் லட்சணம் தெரிய வேண்டுமே.)

3

ஏழு வருடத்துக்கு முன் கதைக்காரனின் தங்கைக்குக் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை கண்ணாடிக்கடை வைத்திருக்கிறார். ஜன்னலுக்கு, அலமாரிக்கு, கடை முகப்புக்கு அளவெடுத்துக் கண்ணாடி வெட்டிப் பொருத்திக் கொடுப்பார். மோவாயில் ஒரு பழைய கீறல், சாய்ந்த பிறை மாதிரி. அதிர்ந்து பேச மாட்டார். பேசுவதற்கு முன்னால் ஒருமுறை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொள்வார்.

அந்த மாதம் படக்காரருக்கு ஒரு கடைக்காரர் முகம் தேவைப்பட்டது. தெரிந்தவர்கள் முகத்தைக் கூட்டத்தில் வரைவது அந்த அறையின் வழக்கம். ஒருவகையில் அது பரிசு. கதைக்காரன் பெருமையோடு மாப்பிள்ளையின் போட்டோவைக் கொடுத்தான். நாற்பத்தொன்றாம் இதழ், பதினாலாம் பக்கம்: இடிக்கையன் வீசிய பஸ் ஒன்று கண்ணாடிக்கடைக்குள் புகுந்து மறுபக்கம் வருகிறது. மூலையில் மாப்பிள்ளை தலையில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார். அச்சு அசலாக.

"என்ன மச்சான், கல்யாணமாகி ஒரு மாசங்கூட ஆகல, அதுக்குள்ள கடையைக் காலி பண்ணிட்டீங்களே!" என்று மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தார். வந்தவர் போனவருக்கெல்லாம் அந்தப் பக்கத்தைக் காட்டினார்.

5

(நான்கு இருந்தது. அதில் கதைக்காரனின் இளமைப் போராட்டங்கள் வந்தன. உங்களுக்கு அவன்மேல் இரக்கம் வருவதற்காக எழுதியது என்று பிறகுதான் உறைத்தது. எடுத்துவிட்டேன்.)

நூற்றுப் பன்னிரண்டாம் இதழ். போன வருடம். வில்லன் வேண்டும், நாள் இல்லை. மூலை பார்த்தார்கள். படக்காரரின் விரல் நாற்பத்தொன்றாம் இதழ், பதினாலாம் பக்கத்தில் போய் நின்றது.

"இந்த ஆளு?" என்றார்.

கதைக்காரன் பார்த்தான். "நல்லாருக்கே. உடைஞ்ச கண்ணாடியையே ஆயுதமாக்கிடலாம். பேரு சில்லு."

இங்கேதான் எனக்குக் குழப்பம். கதைக்காரனுக்கு அந்த முகம் அடையாளம் தெரிந்ததா, தெரியவில்லையா?

ஒரு வரைவில் இப்படி எழுதினேன்: "அவனுக்குத் தெரியவில்லை. ஆறு வருடம் ஆகிவிட்டிருந்தது. கூட்டத்தில் ஒரு முகம், அவ்வளவுதான்." படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் சொந்தத் தங்கை புருஷன் முகம் தெரியாமல் போகுமா?

இன்னொரு வரைவு: "அவனுக்குத் தெரிந்தது. தெரிந்தும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று" (பாதியில் நிற்கிறது. இதை முடித்தால் அவன் அயோக்கியன் ஆகிவிடுகிறான். அவன் அயோக்கியன் இல்லை. இல்லை என்றுதான் நினைக்கிறேன்.)

இரண்டுமே எனக்கு ஞாபகம் இருக்கிறது. சத்தியமாக. அந்தப் பக்கத்தைப் பார்த்து, "அட, நம்ம மாப்ள" என்று மனசுக்குள் சிரித்ததும் ஞாபகம் இருக்கிறது. முகத்தையே பார்க்காமல் உடைந்த கண்ணாடியை மட்டும் பார்த்ததும் ஞாபகம் இருக்கிறது. எது நடந்தது, எது எழுதி எழுதி நடந்ததாகிவிட்டது என்று பிரிக்கத் தெரியவில்லை.

அடிக்குறிப்பு: இந்த இடம்வரை எழுதியதை இன்று காலை படக்காரரிடம் காட்டினேன். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் மைக்குப்பியைத் திருகிக்கொண்டிருந்தார். "யோவ், எல்லாம் சரி. அந்த விரல் என்னுது இல்லைய்யா, உன்னுது" என்றார். நான் வாதாடவில்லை. அவர் சொன்னது சரியாகத்தான் இருக்கும். மேலே திருத்தாமல் விட்டிருக்கிறேன். மன்னிப்புக் கேட்கக் கிளம்பிய இடத்திலும் பக்கத்தில் இருந்தவரைப் பிடித்து முன்னால் தள்ளியிருக்கிறேன் என்று நீங்கள் பார்க்க வேண்டும்.

6

சில்லு பிய்த்துக்கொண்டு ஓடினான். பத்து வருடத்தில் எந்த வில்லனுக்கும் இத்தனை கடிதங்கள் வந்ததில்லை.

மாப்பிள்ளைக்கு யாரும் சொல்லவில்லை. கதைக்காரனும் சொல்லவில்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் ஜன்னல் அளவெடுக்கப் போனார். வகுப்பிலிருந்த பிள்ளைகள் எல்லாம் ஓடிவந்து கம்பியில் முகத்தைப் பதித்துக்கொண்டு, "சில்லு! சில்லு!" என்று கத்தின. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. கையை ஆட்டிவிட்டு வந்திருக்கிறார். அடுத்த வாரம் ஒரு வீட்டில் குழந்தை அவரைப் பார்த்ததும் வீறிட்டு அழுதது. அந்த வீட்டம்மா கதவைப் பாதி திறந்துகொண்டு, "தப்பா நினைக்காதீங்க, வேற யாரையாவது அனுப்புறீங்களா?" என்றாள். அப்புறம்தான் இதழை வாங்கிப் பார்த்திருக்கிறார்.

அதைக்கூடச் சிரித்துத் தள்ளிவிட்டார் என்றுதான் தங்கை சொன்னாள். தாங்க முடியாமல் போனது வேறு விஷயம். தங்கை போனில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"பாப்பா நேத்து அவர்கிட்ட கேக்குறா அண்ணா. அப்பா, நீ ஏன் மின்னியை அடிச்சேன்னு. அவர் ஏதோ சொல்லிச் சமாளிச்சார். இன்னிக்குக் காலையில ஸ்கூலுக்குக் கிளம்பும்போது, நீ கேட் வரைக்கும் வராதேப்பா, தெருமுனையிலயே நின்னுக்கோன்னு சொல்லிட்டா. அவரும் சரிம்மான்னு நின்னுட்டு வந்துட்டார். வந்து சாப்பிடவே இல்ல."

பாப்பாவுக்கு ஆறு வயது.

7

கதைக்காரனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இதழாசிரியரிடம் போய் நின்றான். "சில்லுவை எடுத்தா இதழையே எடுத்த மாதிரி" என்றார் அவர். அறைக்கு வந்து படக்காரரோடு பேசி, இரண்டு பேரும் ஒரு யோசனை கண்டுபிடித்தார்கள். அற்புதமான யோசனை என்று அப்போது தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை காலை புதுப் பக்கங்களை உறையில் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கடைக்குப் போனார்கள்.

மாப்பிள்ளை மேஜையில் பெரிய கண்ணாடியைப் படுக்கப் போட்டு, அளவுகோல் வைத்து, கட்டரால் கோடு இழுக்கத் தயாராக இருந்தார். "வாங்க மச்சான்" என்றார். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். கதைக்காரன் பக்கங்களைப் பரப்பினான். காவல் ஐவர் சில்லுவிடம் மன்னிப்புக் கேட்கிறார்கள். சில்லு திருந்துகிறான். ஆறாவது ஆளாகப் படையில் சேர்கிறான்.

மாப்பிள்ளை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். ஒவ்வொரு பக்கமாக.

"இதுலயும் என் மூஞ்சிதானே மச்சான்?"

"ஆமா மாப்ள. ஆனா இனிமே நீங்க நல்லவர்!"

அப்போதுதான் அவர் கோபப்பட்டார். கத்தவில்லை. கண்ணாடிப் பக்கம் திரும்பிக் கட்டரை வைத்து இழுத்தார். கோடு கோணலாக ஓடிக் கண்ணாடி குறுக்கே விரிசல் விட்டுப்போயிற்று. ஏழு வருடத்தில் அவர் கையில் கண்ணாடி தப்பாக உடைந்து நான் பார்த்ததில்லை. அதைப் பார்த்தபடியே சொன்னார்:

"நீங்க ஒவ்வொரு தடவையும் நல்லது பண்ணத்தான் வர்றீங்க மச்சான். அதுக்கப்புறம் நான் வெளிய தலைகாட்ட முடியல."

பக்கத்தில் ஒரு சின்னக் கரகரப்பு கேட்டது. படக்காரர் குறிப்புப் புத்தகத்தை எடுத்து மாப்பிள்ளையின் முகத்தை வரைந்துகொண்டிருந்தார். கெட்ட எண்ணமே இல்லை. இந்த முகபாவத்தை அவர் இதற்குமுன் பார்த்ததில்லை, கை தானாகப் போய்விட்டது. மாப்பிள்ளை அதைப் பார்த்தார். எழுந்து உள்ளே போய்விட்டார்.

படக்காரரைக் கதைக்காரன் திட்டிக்கொண்டே வந்தான். படி இறங்கும்போது, பஸ் ஸ்டாப்பில், பஸ்ஸுக்குள். திட்டுவதற்கு அவனுக்கு என்ன யோக்கியதை இருந்தது என்று அடுத்த பகுதியில் பாருங்கள்.

8

நூற்றுப் பத்தொன்பதாம் இதழ், முதல் பக்கம். ஆசிரியர் மறுத்துவிட்டதால் சில்லு திருந்தவில்லை. உடைந்த கோபுரத்தின் மேல் நின்று ஐவரைப் பார்த்துச் சொல்கிறான்: "நீங்கள் ஒவ்வொரு முறையும் நல்லது செய்யத்தான் வருகிறீர்கள். அதற்குப் பிறகு என்னால் வெளியே தலைகாட்ட முடிவதில்லை."

கதைக்காரன் வேண்டுமென்று எடுக்கவில்லை. எழுதும்போது அந்த வரி வந்தது. வந்தபோது மிக நன்றாக இருந்தது. சொந்த வரி என்றே (இல்லை. இந்தத் தடவை குழப்பமில்லை. யாருடைய வரி என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன்.)

தங்கை இதழை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை. அந்த வரியில் விரலை வைத்தாள். "இது அவர் உன்கிட்ட சொன்னது" என்றாள். அவ்வளவுதான். நாலு மாதம் பேசவில்லை. நாலு மாதத்தில் ஒரு தடவைகூட அந்த வீட்டுப் பக்கம் போக எனக்குத் தைரியம் வரவில்லை. போன திங்கட்கிழமை அவளே கூப்பிட்டாள். ஆறு வரி கேட்டாள். "அந்த முகம் ஒரு உண்மையான மனுஷனோடது, கேக்காம எடுத்துட்டோம், அவர் நல்லவர், இனிமே அந்த முகம் வராதுன்னு எழுது. யாரு, எந்தக் கடைன்னெல்லாம் வேணாம். பாப்பா அதைக் கிளாஸ்ல காட்டணுமாம்."

கவனித்தீர்களா? அந்த வரி இப்போது மூன்றாவது தடவையாக உபயோகமாகியிருக்கிறது. ஒன்று அவர் சொன்னது. இரண்டு சில்லு சொன்னது. மூன்று, ஏழாம் பகுதியில் உங்களை உருக வைக்க. மோவாயில் இருக்கும் கீறலைச் சொல்லியாயிற்று. மூக்குக்கண்ணாடியைத் துடைப்பதைச் சொல்லியாயிற்று. சில்லு யார் என்பது இதுவரை பக்கத்துத் தெருக்களுக்கு மட்டும் தெரிந்தது, இது அச்சானால் இதழ் போகிற இடமெல்லாம் தெரியும்.

9

முடிவுகள்:

அ) கதைக்காரன் கண்ணாடிக்கடைக்குப் போகிறான். மாப்பிள்ளை "விடுங்க மச்சான்" என்கிறார். (இதில் அவர் பெரிய மனசுக்காரர், நான் தப்பித்தவன். வேண்டாம்.)

ஆ) மாப்பிள்ளை தாடி வளர்த்துக்கொள்கிறார். (தப்பு செய்தது நான், மூஞ்சியை மாற்றிக்கொள்ள வேண்டியது அவரா?)

இ) மாப்பிள்ளை உண்மையிலேயே ஒருநாள் எங்கள் அறை ஜன்னலைக் கல்லால் (வெட்கமாக இருக்கிறது. இந்த மூன்றில் இதுதான் எனக்கு அதிகம் பிடித்திருந்தது.)

இன்று மத்தியானம் இதை ஆசிரியருக்குப் படித்துக் காட்டினேன். மேஜையைத் தட்டினார். "பிரமாதம்யா! இந்த இதழ்லயே போட்டுடலாம். கடிதப் பக்கத்தை எடுத்துட்டு நாலு பக்கம் ஒதுக்கிடறேன்."

"அப்ப அந்த ஆறு வரி?"

"தனியா எதுக்கு? இதுவே மன்னிப்புதானே?"

தங்கைக்கும் போனில் படித்தேன். கடைசிவரை கேட்டாள். இடையில் ஒரு தடவை அழுதாள் என்று நினைக்கிறேன். "நல்லாருக்கு அண்ணா. நீ எழுதினதுலயே இதுதான் நல்லாருக்கு" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "ஆனா இதைப் பாப்பா கிளாஸ்ல எப்படிக் காட்டுவா?" என்றாள்.

போனை வைத்துவிட்டு ஆறு வரியை எழுதினேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மூன்று நாளாக வராதது எப்படி வந்தது என்று புரியவில்லை. அதை இங்கே எடுத்து எழுதிக் காட்டமாட்டேன். இங்கே வந்தால் அதுவும் கதையின் ஒரு பகுதியாகிவிடும்.

இப்போது மேஜையில் இரண்டு உறைகள் இருக்கின்றன. ஒன்று கனமாக, ஒன்று மெல்லிசாக. காலையில் அச்சகத்து ஆள் வருவார். ஒன்றைத்தான் கொடுக்க முடியும். எதைக் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். எதைக் கொடுப்பேன் என்று தெரியவில்லை. தங்கையையும் மாப்பிள்ளையையும் பாப்பாவையும் எனக்கு உயிர். இந்தக் கதையையும் பிடித்திருக்கிறது. இரண்டையும் ஒரே வாயால் சொல்கிறேனே என்று எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

உங்களுக்கு முடிவு தெரிந்துவிட்டது. இதைப் படிக்கிறீர்களே. இல்லை, அவசரப்பட வேண்டாம். ஆறு வரி அச்சாகி, சில்லு ஒழிந்து, பல வருடம் கழித்து மாப்பிள்ளை படித்துப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு, வேறு எங்கோ இது வந்திருக்கலாம். அப்படியும் நடக்கும்தானே? நடந்திருக்க வேண்டும் என்று மனசார ஆசைப்படுகிறேன்.

ஒரு உதவி செய்யுங்கள். கையில் இருப்பதை மூடி, அட்டையைப் பாருங்கள். எங்கள் இதழாக இல்லாவிட்டால் நல்லது. எங்கள் இதழ்தான் என்றால், பாப்பாவும் இந்நேரம் அதைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துக்கொண்டு போயிருப்பாள். வகுப்பில் எழுந்து நின்று கடைசிப் பக்கத்தைப் பிரித்திருப்பாள்.